ஆலை விளக்குகளைப் படம் பிடிப்போமா?

பகலில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒன்று இரவானதும் அழகாகிவிடுகிறது என்றால், அது நம் தோட்டத்துச் செம்பனை ஆலைதான். பகலில் பாருங்கள்: துருப்பிடித்த தகரம், கரி படிந்த புகைபோக்கி, மூக்கைப் பொத்த வைக்கும் வாடை. பள்ளியில் பிள்ளைகளிடம், "நம் தோட்டத்தை வரையுங்கள்" என்று சொன்னால் கோயிலை வரைவார்கள், திடலை வரைவார்கள், மாரியம்மன் தேரைக்கூட வரைவார்கள். ஆலையை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அதே ஆலை, பொழுது சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கியதும் வேறொன்றாகிவிடுகிறது. துருவும் கரியும் இருட்டுக்குள் ஒளிந்துகொள்கின்றன. மஞ்சளும் வெள்ளையுமாக வரிசை வரிசையாய் விளக்குகள். அவற்றின் நடுவே பொங்கியெழும் வெண்ணிற நீராவி. மழை பெய்து ஓய்ந்த இரவென்றால் முற்றத்தில் தேங்கிய நீரில் இன்னோர் ஆலை தலைகீழாக நிற்கும். திருவிழாவுக்கு ஜோடித்து நிறுத்திய தேர் ஒன்று காட்டுக்கு நடுவே தனியே நிற்பது போல எனக்குத் தோன்றும்.

இந்தக் காட்சியைத்தான் சில ஆண்டுகளாக நான் படம் பிடித்து வருகிறேன். நான் புகைப்படத் தொழில் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்து சேர்ந்த சாதாரண வாத்தியார். யாரோ பயன்படுத்தி விற்ற பழைய கேமரா ஒன்றும் எண்பது வெள்ளிக்கு வாங்கிய முக்காலியுமே என் சொத்து. மாலையில் அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், "என்ன சார், மில்லுல போயி என்னத்த போட்டோ புடிக்கப் போறீங்க?" என்று சிரிப்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகவும், ஆசையுள்ளவர்களுக்கு ஒரு தொடக்கமாகவும் இதை எழுதுகிறேன்.

ஆலையை வேடிக்கை பார்ப்பது நமக்குத்தான் புதுமை. ஜப்பானில் கவாசாக்கி, யொக்காயிச்சி போன்ற தொழில் நகரங்களில் இரவு நேர ஆலை விளக்குகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் படகேறிப் போகிறார்கள். இத்தகைய நகரங்கள் ஒன்றுகூடி 2011-ஆம் ஆண்டில் கவாசாக்கியில் மாநாடே நடத்தியிருக்கின்றன. எண்ணெய்க் குழாய்களும் புகைபோக்கிகளும் அங்கே சுற்றுலாக் காட்சி!

ஏன் படம் பிடிக்க வேண்டும்?

உங்கள் வீட்டு ஆல்பத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். திருமணம் இருக்கும், காதணி விழா இருக்கும், தீமிதி இருக்கும், பத்துமலைக்குப் போனது இருக்கும். நம்மை வளர்த்த வேலை இருக்கிறதா? மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியும் குலை தள்ளியும் ஆலையில் நின்றும் பிழைத்த நாம், அந்த வேலையைப் படமெடுத்து வைக்கவில்லை. 'அழுக்குச் சட்டையோடு என்ன படம்?' என்ற கூச்சம்தான் காரணம்.

என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில், ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையில் பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவர். விறகுத் தீ அணையவும் கூடாது, மிஞ்சவும் கூடாது. விடிய விடிய அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருடைய படங்கள் எங்களிடம் ஏழு இருக்கின்றன. ஏழிலும் வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. புகைக்கொட்டகையோடு ஒன்றுகூட இல்லை. இப்போது எடுக்கலாம் என்றால் தந்தையாரும் இல்லை, கொட்டகையும் இல்லை. அந்த இடத்தில் இன்று இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர் இருந்தார். நீராவி இரயிலின் காலம் முடியப்போகிறது என்று அறிந்து, 1955 முதல் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் இரயில்பாதை நெடுகிலும் இரவில் காத்திருந்து, தானே விளக்குகளை அமைத்துப் படம் பிடித்தார். இரயிலை மட்டுமன்று, நிலையத்துப் பணியாளரையும் பாதையோரத்துக் குடும்பங்களையும் சேர்த்தே பிடித்தார். 1960-இல் அந்தப் பாதையில் நீராவி இரயில்கள் நின்றுவிட்டன. படங்கள் நிற்கின்றன. அவர் வரலாற்றைப் படித்தபோதுதான், 'நம் தோட்டத்து ஆலைக்கு இதை யார் செய்வார்?' என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது.

ஆலையைப் படம் பிடிக்கத் தொடங்கினால் ஆலையைப் படிக்கவும் தொடங்குவீர்கள். இரவிலும் அது ஏன் ஓடுகிறது? வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும். நாள் கடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். அதனால்தான் விளைச்சல் மிகுந்த மாதங்களில் லாரிகள் வந்தவண்ணம் இருக்க, ஆலை விடிய விடிய இரைகிறது. அந்த விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பிழிந்த பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும் பாய்லரில் எரிகின்றன. அந்த நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. நம்மவர் வெட்டித் தள்ளிய குலைதான் இரவில் விளக்காக எரிகிறது! இந்நாட்டில் செம்பனையை வாணிபப் பயிராக முதன்முதலில் நட்டது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகொன்னியே. நட்ட தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: தென்னமரம்! இந்தத் தொழிலின் பிறந்த வீட்டுக்கே தமிழ்ப் பெயர்.

எப்போது போவது?

இரவுப் படம் என்றதும் நள்ளிரவுக்குப் போக வேண்டுமென்று எண்ணாதீர்கள். நள்ளிரவில் வானம் கரிச்சட்டி. புகைபோக்கி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தாய்மார்கள் சாமி விளக்கேற்றும் நேரம்தான் சரியான நேரம். நம் மேற்குக் கரையில் ஆண்டு முழுதும் சூரியன் ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.45-க்குள் மறைந்துவிடுகிறது. மறைந்து கால் மணி நேரம் கழித்து, வானம் அடர்ந்த நீலமாகிறது. அப்போது ஆலை விளக்குகளும் எரிகின்றன, கட்டடத்தின் உருவமும் தெரிகிறது. இந்த நீலம் குளிர்நாடுகளில் நெடுநேரம் நிற்குமாம். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நமக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆகவே 7 மணிக்கே போய் இடம் பார்த்து, முக்காலியை ஊன்றிக் காத்திருக்க வேண்டும். மழை பெய்து கழுவிவிட்ட மாலை மிக நன்று. ஆனால் இடி மின்னல் இருக்கும்போது திறந்த வெளியில் முக்காலியோடு நிற்கவே கூடாது.

எப்படிப் பிடிப்பது?

பால்மரத்தில் மாட்டிய மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகட்டில், கண்ணுக்குத் தெரியாத மங்குகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒளி அவற்றில் பாலைப் போலச் சொட்டுகிறது. பகலில் இமை மூடித் திறப்பதற்குள் மங்கு நிரம்பிவிடும். இரவில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். எனவே நேரம் கொடுக்க வேண்டும். ஆனால் எரியும் விளக்குக்கு நேரே உள்ள மங்கு சட்டென்று நிரம்பி வழிந்துவிடும். மண்ணில் வழிந்த பாலை அள்ள முடியுமா? அதுபோல, அளவு மீறி வெளுத்துப்போன விளக்கை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. இருட்டுப் பகுதியில் அரைகுறையாக நிரம்பியதையோ, பின்னர் கணினியில் ஓரளவு வெளிச்சம் கூட்டிக் காட்டலாம். ஆகையால் விளக்கைப் பார்த்து நேரம் வையுங்கள், இருட்டைப் பார்த்து வைக்காதீர்கள். பிரகாசமான ஆலையை இரவில் படம் பிடிப்பதன் முதற்பாடமும் முக்கியப் பாடமும் இதுவே.

கேமராவைத் தன்போக்கில் விட்டால், சுற்றியுள்ள கருமையைக் கண்டு 'வெளிச்சம் போதவில்லை' என்று முடிவுகட்டி, அதிக நேரம் திறந்துவிடும். ஆலை வெந்து வெளுத்த திட்டாகிவிடும். எனவே எல்லாவற்றையும் கையால் அமைப்பதே நல்லது. ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-இல் வையுங்கள். லென்ஸின் துளையை எஃப்/8-இல் வையுங்கள். ஷட்டர் நேரத்தை 8 நொடியில் தொடங்குங்கள். ஒரு படம் எடுத்துத் திரையில் பாருங்கள். வெளுத்த இடங்களைக் கண்சிமிட்டிக் காட்டும் வசதி பல கேமராக்களில் உண்டு. விளக்கைச் சுற்றி வெகுவாகச் சிமிட்டினால் 4 நொடி, இன்னும் சிமிட்டினால் 2 நொடி. மங்கலாக இருந்தால் 16 நொடி. இரட்டிப்பதும் பாதியாக்குவதும்தான் கணக்கு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது வரும்.

எட்டு நொடி என்பது சிறிது நேரமன்று. அதுவரை கேமரா அசையவே கூடாது. முக்காலியின் கால்களைக் கெட்டியான தரையில் ஊன்றுங்கள். எடைபாலம் அருகே லாரி போகும்போது தரையே அதிரும். அது கடந்த பிறகு எடுங்கள். பொத்தானை விரலால் அமுக்கும் அதிர்வே படத்தைக் கெடுக்கப் போதுமானது. ஆகவே டைமரை 2 நொடிக்கு வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், முக்காலியில் வைத்தபின் அதை நிறுத்திவிடுவது நலம். லென்ஸுக்கு முன் கண்ணாடி வடிகட்டி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். இல்லையேல் விளக்குகளின் ஆவிகள் போலப் பச்சைப் புள்ளிகள் வானத்தில் மிதக்கும்.

இருட்டில் கேமரா எதைக் கூர்மையாகக் காண்பதென்று தெரியாமல் தடுமாறும். விளக்கொளி விழும் ஏணி அல்லது கைப்பிடிக் கம்பியின் விளிம்பைக் காட்டிக் கூர்மை பிடியுங்கள். பிடித்ததும் தானியங்கியை அணைத்துவிட்டால், படத்துக்குப் படம் அது மாறாது. துளையை எஃப்/11 அல்லது எஃப்/16-க்குச் சுருக்கினால் விளக்குகள் நட்சத்திரமாக விரியும். அழகுதான், ஆனால் பாயசத்தில் முந்திரிபோல அளவோடு இருக்கட்டும்.

நீராவிக்குத் தனிக் கணக்கு உண்டு. பழத்தை அவிக்கும் பெரிய இரும்பு உருளையிலிருந்து ஆவியைத் திறந்துவிடும்போது, வெண்மேகம் குபுகுபுவென எழும். எட்டு நொடி வைத்தால் அது வெறும் பஞ்சுப்புகையாகிவிடும். அரை நொடியோ ஒரு நொடியோ வைத்தால் அதன் சுருளும் மடிப்பும் தெரியும். அதற்கேற்ப ஐ.எஸ்.ஓ. எண்ணை 400 அல்லது 800-க்கு உயர்த்திக்கொள்ளலாம்.

நிறத்தையும் கவனியுங்கள். பழைய சோடியம் விளக்கு ஆரஞ்சு மஞ்சள், எல்.இ.டி. விளக்கு வெள்ளை, இன்னும் பழைய பாதரச விளக்கு பச்சை கலந்த நீலம். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நிறத்தை மாற்றிக்கொள்ளாதபடி ஒயிட் பேலன்ஸை ஒரே அளவில் நிறுத்துங்கள். ரா என்னும் கோப்பாகச் சேமித்தால் வீட்டுக்கு வந்தபின்னும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ஆலையில் சோடியம் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எல்.இ.டி. போட்டு வருகிறார்கள். நம் தலைமுறைக்கு 'இரவு' என்றாலே நினைவுக்கு வரும் அந்த மஞ்சள் வெளிச்சம் இன்னும் சில காலம்தான்.

கேமரா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கைப்பேசியில் உள்ள இரவு வசதி, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. அதை மோட்டார் சைக்கிள் இருக்கைமேல் துணி மடித்துச் சாய்த்து வையுங்கள். திரையில் விளக்கைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்துவிடுங்கள். பாடம் ஒன்றுதான்: விளக்கு வழியக் கூடாது.

நம் ஊர் ஈரக்காற்று கேமராவுக்குப் பகை. குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படரும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுப் பிறகு எடுங்கள். வீட்டில் அலமாரிக்குள் சும்மா வைத்தால் லென்ஸுக்குள் பூசணம் பூக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது போதும்.

எங்கே நிற்கலாம்?

ஆலைக்குள் போவதானால் நிர்வாகியிடம் கேட்டு அனுமதி பெறுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கேட்காமல் போனால் காவலர் மறிப்பார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், மின்நிலையம் போன்றவற்றில் சில, 1959-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. வேலியில் அந்தச் சிவப்புப் பலகையைக் கண்டால் விலகிவிடுங்கள். சிங்கப்பூரில் ஜூரோங் தீவு 2001 முதல் அனுமதிச் சீட்டின்றி நுழைய முடியாத இடம். பொது இடத்திலிருந்தே காணத்தக்க காட்சிகளுக்குக் குறைவில்லை. கிள்ளான் துறைமுகத்தருகே தஞ்சோங் ஹராப்பான் கடலோரத்தில் நின்றால், கொள்கலன் தூக்கும் பளுதூக்கிகள் ஒளிவெள்ளத்தில் ஒட்டகச்சிவிங்கிகளாக நிற்கும். நெடுநேரம் திறந்த படத்தில் கடல்நீர் பட்டுப்போல் வழவழப்பாகி, விளக்குகளின் நிழலை நீளமாகத் தாங்கும்.

தோட்டத்தில் நிற்பவர்கள் காலில் பூட்ஸும் கையில் டார்ச் விளக்கும் இல்லாமல் செம்பனைக்குள் இறங்க வேண்டாம். பாம்பு நம் பொழுதுபோக்கை அறியாது. ஆலைக் கழிவுநீர்க் குளங்களின் கரைக்குப் போகவே கூடாது. மேலே ஏடு படிந்து தரைபோலத் தோன்றும், கால் வைத்தால் ஆழம். தனியாகப் போகாமல் ஒரு துணையோடு போங்கள்.

விளக்குக்குக் கீழே ஒருவர்

என் மாணவி ஒருத்தியின் தந்தை எங்கள் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். சென்ற ஆண்டு அவர் இரவு வேலையில் இருந்தபோது எடுத்த படம் ஒன்றைப் பெரிதாகக் கழுவி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நீல வானம், வெண்ணிற நீராவி, நாற்பது ஐம்பது விளக்குகள். குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. அவர் மட்டும் படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓர் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்த மஞ்சள் புள்ளியில் விரலை வைத்தார்.

"இதோ, இந்த லைட்டுக்குக் கீழதான் நான் நின்னேன் சார்."

அவர் மனைவி குனிந்து பார்த்தார். திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள். வாசலிலிருந்து தினமும் தெரியும் ஆலைதான். "இம்மாம் பெருசுக்குள்ளயா ராத்திரி முழுக்க ஒத்தையா நிக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள்: "அப்பா நிறுத்திட்டா எல்லா லைட்டும் அணைஞ்சிரும்மா."

அவள் சொன்னது அறிவியல்படி ஏறக்குறைய சரி. நார் எரியாவிட்டால் ஆவி இல்லை, ஆவி இல்லாவிட்டால் டர்பைன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அன்று அது அறிவியலாகக் கேட்கவில்லை. படம் இப்போது அவர்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்கு அடுத்த சுவரில், மகளின் பள்ளிச் சான்றிதழோடு தொங்குகிறது.

அதன்பிறகு என் வழக்கம் ஒன்று மாறியது. அழகான படம் கிடைத்ததும் கிளம்பிவிடாமல், கடைசியாக ஒரு படம் ஆளோடு எடுக்கிறேன். தட்டுமேடையில் குலை தள்ளுபவர், எடைபாலத்துக் கிராணி, கையெல்லாம் எண்ணெயாக நிற்கும் ஃபிட்டர், இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் தம்பிகள். ஒளி விழும் இடத்தில் இரண்டு நொடி அசையாமல் நிற்கச் சொன்னால் போதும், முகம் தெளிவாக விழும். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன், எடுத்ததை அவர்களுக்கே ஒரு பிரதி கொடுக்கிறேன். வெளியூர்த் தம்பிகள் அதைக் கைப்பேசியில் ஊருக்கு அனுப்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

குலைகளை வேறோர் பெரிய ஆலைக்கு அனுப்பிவிட்டு எங்கள் ஆலையை மூடப்போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. மெய்யோ பொய்யோ. நான் காத்திருக்கப் போவதில்லை. உங்கள் பக்கத்திலும் ஓர் ஆலை இருக்கும், ஒரு துறைமுகம் இருக்கும், இரவு வேலைக்குப் போகும் ஓர் அண்ணனோ அக்காளோ இருப்பார். வரும் சனிக்கிழமை மாலை மழை வராவிட்டால் 7 மணிக்குப் போய் நில்லுங்கள். விளக்கைப் பார்த்து நேரம் வையுங்கள். எடுத்த படத்தைப் பெட்டியில் பூட்டாமல் கழுவி, பின்பக்கம் இடம், நாள், நிற்பவர் பெயர் மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள்.